ஒரு முன்னாள் வீராங்கனை தயாரான வரலாறு

உலகத்தில் உள்ள ஹாக்கி லீக்குகள் எல்லாம் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. முதலில் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பல வருடம் ஆட வைக்கின்றன. அது வளர்ந்து தேசிய அணிக்குப் போய் வெளிநாட்டில் ஜெயித்தால், "எங்கள் முன்னாள் வீரர்" என்று மார்தட்டுகின்றன. நீளமான வழி, வேர்வை பிடித்த வழி, கடைசியில் பலன் உண்டா என்பதும் சந்தேகம். ஒருவர் ஜெயித்துவிட்டு வந்த பிறகு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து அவரை முன்னாள் வீரராக ஆக்கிக்கொள்ளலாம் என்ற சுருக்குவழியைக் கண்டுபிடித்த பெருமை, இளையோர் ஹாக்கி லீக்கின் செயலாளர் ஒருவரையே சேரும். மனித குலம் இன்னும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருக்கிறார்.

செயலாளர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம். கேலரிப் படிக்கட்டுக்கு அடியில், தலை நிமிர்ந்தால் இடிக்கும்படி ஒரு அறை. அங்கே நெடுநாள் இருந்தவர்களுக்குப் பணிவு தானாக வந்துவிடும். அவர் ஒருவர்தான் விதிவிலக்கு. அலமாரியில் பதினோரு கோப்பைகள், அவற்றில் ஒன்பது ஆறுதல் பரிசு. மைதானத்தின் மேல் அவருக்கு இருந்த பாசத்தைச் சொல்லி முடியாது. பிள்ளைகள் ஓடினால் புல்லுக்கு வலிக்குமே என்று வாரத்தில் ஆறு நாள் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தார். ஏழாம் நாள் விடுமுறை.

இப்படி அமைதியாக நடந்துகொண்டிருந்த விளையாட்டு வளர்ச்சியில், அரசின் விளையாட்டுத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்து விழுந்தது. லீக் நடத்திய ஆட்டங்களில் குறைந்தது ஐந்தில் ஆடிய ஒருவராவது தேசிய அணியில் இருக்க வேண்டும். அவர் கையெழுத்தும் வேண்டும். இல்லையென்றால் மைதானம் வாகன நிறுத்தமாக மாற்றப்படும். இன்னும் பன்னிரண்டு நாளில் ஆய்வாளர் நேரில் வருவார்.

செயலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மைதானம் போனால் லீக் போகும். லீக் போனால் நாற்காலி போகும். நாற்காலி போனால் வீட்டில்தான் உட்கார வேண்டும். வீட்டில் அவர் பேச்சுக்கு ஒப்புதல் தீர்மானம் போட ஆளில்லை.

தெய்வம் தொலைக்காட்சி வழியாக வந்தது. தேசிய மகளிர் அணி வெளிநாட்டில் கோப்பை ஜெயித்திருந்தது. கடைசிக் கட்டத்தில் மூன்று பந்துகளைத் தடுத்த கோல்கீப்பர், இதே ஊரில் பிறந்தவள் என்றார் செய்தி வாசிப்பவர். செயலாளர் எழுந்த வேகத்தில் தலை படிக்கட்டில் இடித்தது.

"யோவ், நம்ம பொண்ணுய்யா!"

"எந்த வகையில சார்?" என்றார் எழுத்தர். லீக்கின் காகிதங்களையெல்லாம் பதினைந்து வருடமாகப் பார்த்து, அதனாலேயே எதையும் நம்பாமல் போனவர்.

"எல்லா வகையிலயும். ரெஜிஸ்டர எடுங்க."

தேர்வானவர்கள் ரெஜிஸ்டர் மெலிந்தது. அதில் அவள் பெயர் இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கட்டு மூன்று. தூசி தட்டியதும் முதல் கட்டிலேயே கிடைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன், பன்னிரண்டு வயதில். பக்கத்தில் செயலாளரின் பச்சை மைக் கையெழுத்து: "பந்தைக் கண்டு பயப்படவில்லை. எச்சரிக்கை உணர்வு போதாது. நிராகரிக்கலாம்."

"நல்ல கையெழுத்து சார்," என்றார் எழுத்தர்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். பொருள்: "முன்னாள் வீரர் என்பவர் யார்?" தேநீருக்குப் பிறகு விவாதம் சூடு பிடித்தது.

"நம்ம மண்ண மிதிச்சாளா இல்லியா?" என்று கேட்டார் பொருளாளர்.

"ரெண்டு மணி நேரம் லைன்ல நின்னிருக்கா," என்றார் எழுத்தர்.

"அப்புறம் என்ன? என் மச்சினன் பையன் மூணு வருஷமா டீம்ல இருக்கான், மொத்தமா ரெண்டு மணி நேரம் நின்னிருக்க மாட்டான். எப்பவும் உக்காந்துடுவான்."

"நாம திருப்பி அனுப்பினதாலதான அவளுக்கு ரோஷம் வந்துச்சு? ரோஷம் வந்ததாலதான ஜெயிச்சா? அப்ப அவளுக்குப் பயிற்சி குடுத்தது யாரு?" என்றார் செயலாளர்.

எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்தர் மட்டும், "இருந்தாலும் அஞ்சு மேட்ச் வேணுமே சார், கையெழுத்தும் வேணுமே," என்று கூட்டத்தின் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் காலை செயலாளர் கோல்கீப்பரின் அம்மாவைப் பார்க்கப் போனார். அந்த அம்மா பூட்டு, தாழ்ப்பாள், கீல், ஆணி விற்கும் கடைக்காரி.

"வாங்க சார். பூட்டா? உங்க கேட்டுக்கு ஏற்கெனவே மூணு குடுத்திருக்கேனே."

"பூட்டுக்கு வரலம்மா. பாசத்துல வந்தேன்."

"அது நம்மகிட்ட ஸ்டாக் இல்லையே சார்."

செயலாளர் சிரித்து வைத்தார். "உங்க பொண்ணு நம்ம லீக்குல ஒரு பதினஞ்சு மேட்ச் ஆடியிருக்கான்னு சின்னதா ஒரு கையெழுத்து…"

"ஒண்ணுகூட ஆடலையே."

"ஆடின மாதிரி."

"மாதிரி சரக்கெல்லாம் நான் விக்கிறதில்ல. அசல் மட்டும்தான்."

"சரிம்மா, உங்களுக்காகப் பத்து."

"சைபர்."

"எட்டு. இதுக்கு மேல கொறைச்சா எனக்குக் கட்டாது."

அந்த அம்மா கடைக்கு வந்திருந்த வேறொருவரிடம் திரும்பி, "ரெண்டு கீல் கேட்டீங்களே, மூணு இஞ்சா நாலு இஞ்சா?" என்றார். அவர் நாலு இஞ்சு என்றார். அந்த அம்மா திருகாணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பொட்டலம் கட்டினார். செயலாளருக்கு வேர்த்தது.

"ஆறும்மா!"

"ஆணியும் சேத்து வேணுமா?" இதுவும் அந்த வேறொருவரிடம்தான்.

"அம்மா, அஞ்சு! அஞ்சுக்குக் கீழ எறங்க முடியாது. கவர்மென்ட்டே அஞ்சுன்னுதான் போட்டிருக்கு!"

கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த யாரும் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். தன் அடிமட்ட விலையை இப்படித் தட்டில் வைத்து நீட்டுகிறவரைப் பார்த்தால் எதிராளிக்கே இரக்கம் வந்துவிடும். அந்த அம்மாவுக்கும் வந்திருக்கலாம், முகத்தில் தெரியவில்லை.

"அஞ்சா? சரி. ஆனா அசலா அஞ்சு. பொண்ணு நாளைக்கு வர்றா, பத்து நாள் லீவு. கேட்டத் தெறந்து விடுங்க, ஆடட்டும். ஆடி முடிச்சதும் கையெழுத்து."

"இருபத்தொரு வயசாயிடுச்சேம்மா. நம்மது பதினெட்டு வயசுக்குள்ள…"

"உங்க டீம்ல சித்தப்பா ஆடுறாரே சார்?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். 'சித்தப்பா' என்பவர் லீக் அணியின் முன்னணி ஆட்டக்காரர். வயது பதினேழு, எட்டு வருடத்துக்கும் மேலாகப் பதினேழு. அவருடைய மூத்த பெண் இந்த வருடம் பள்ளியில் சேர்ந்தாள்.

"சரி, வயசுக்கு ஒரு தீர்மானம் போட்டுக்கலாம். எந்த டீம்ல ஆடுவா?"

"நீங்க திருப்பி அனுப்பின பிள்ளைங்கள்ல, இன்னும் வயசு தாண்டாததுங்க நெறைய இருக்கு. அதுங்களோட ஆடட்டும். எதுத்தாப்ல உங்க டீம்."

செயலாளர் யோசித்தார். அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்து, ஆகாது என்று முடிவு செய்தவர் அவரே. தம் முடிவின் மேல் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. ஐந்து ஆட்டமும் கிடைக்கும், ஐந்து வெற்றியும் கிடைக்கும். தாமே பேரத்தில் ஜெயித்த நினைப்போடு கடையை விட்டு இறங்கினார். கெட்டிக்கார வியாபாரி யாரையும் அப்படித்தான் அனுப்பிவைப்பார்.

கேட் திறந்தது. முதல் நாள் முப்பது பிள்ளைகள் வந்தார்கள். மட்டை இல்லாத சிலர் எங்கிருந்தோ ஒட்டுப்போட்ட மட்டைகளோடு வந்தார்கள். கோல்கீப்பர் கால்காப்பைக் கட்டிக்கொண்டு, ஏதோ வீட்டு வாசலில் தபாலுக்கு நிற்பவளைப் போலக் கோல் வாயில் நின்றாள். சித்தப்பா பந்தை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார்.

"அண்ணா, லேஸ் அவுந்திருக்கு," என்றாள்.

சித்தப்பா குனிந்தார். அதற்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிறுமி பந்தைக் கொண்டுபோய்விட்டாள்.

முதல் ஆட்டம் சைபருக்கு மூன்று. அடுத்தது சைபருக்கு நான்கு. அடுத்த இரண்டு நாளும் எண்தான் மாறியது. சைபர் லீக்கின் பக்கமே உறுதியாக நின்றது. இவ்வளவு நிம்மதியாகச் செயலாளர் எந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை. லீக் கோல் போட்டால் நம் அணிக்கு வெற்றி. அவள் தடுத்தால் நம் முன்னாள் வீராங்கனைக்கு வெற்றி. பத்திரிகைக்கு அறிக்கையும் எழுதி வைத்தார்: "இரு பக்கமும் சாதிக்கும் ஒரே லீக்."

நான்காம் ஆட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட அவள் நிரப்பி வைத்திருந்த படிவத்தைப் பார்த்தார். "இந்த லீக்குக்கு எதிராக ஐந்து ஆட்டங்கள் ஆடினேன்" என்று இருந்தது. நிம்மதி பறந்தது.

"என்னம்மா, 'எதிராக'ன்னு போட்டிருக்க? ஆய்வாளர் பாத்தா என்ன நெனப்பாரு? எடுத்துடேன்."

"நடந்தது அதுதான சார்?"

"நடந்ததையெல்லாமா எழுதுவாங்க?"

அவள் சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு. "சரி சார். நாளைக்குக் கடைசி மேட்ச். உங்க டீம் ஒரே ஒரு கோல் போடட்டும், அந்த வார்த்தைய எடுத்துடுறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் செயலாளர் ஒரு கோலுக்காக ஏங்கினார். ஐந்தாம் நாள் ஆய்வாளர் தோளில் பையோடு வந்து கேலரியில் உட்கார்ந்தபோது, வரவேற்புரை மடிப்புக் கலையாமல் செயலாளரின் சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் கோட்டுக்கு ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"டேய், பாஸ் பண்ணுடா! உக்காராதடா! எந்திரிடா!" இது பொருளாளரின் மச்சினன் பையனுக்கு.

கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது லீக் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சித்தப்பா பந்தின் முன் போய் நின்றார். செயலாளர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆட்டம் இவ்வளவு படபடப்பானது என்று யாரும் தமக்குச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார். "சித்தப்பா, வலது பக்கம் போடுய்யா!" என்று அவர் போட்ட கத்தலில் மைதானமே அமைதியானது.

கோல்கீப்பருக்கும் காது கேட்கும்.

சித்தப்பா மூத்தோர் சொல்லைத் தட்டாதவர். வலது பக்கமே அடித்தார். அவள் அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள்.

ஆய்வாளர் கேலரியை விட்டு இறங்கி வந்து படிவத்தை வாங்கிப் படித்தார். 'எதிராக' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. செயலாளரின் மூச்சும் அங்கேயே நின்றது.

"லீக் நடத்தின ஆட்டம்னு மட்டும்தான் ரூல்ல இருக்கு. எந்தப் பக்கம் ஆடணும்னு இல்ல," என்றார் ஆய்வாளர். "ரூல் எழுதினவங்களுக்கு இப்படி ஒரு லீக் இருக்கும்னு தோணியிருக்காது. சரி, கிரவுண்டு உங்களுக்கே."

செயலாளர் நாற்காலியின் கைப்பிடியை மனத்தால் தடவிக் கொடுத்தார்.

"அது இருக்கட்டும். இந்தப் பிள்ளைங்க எந்த டீம்?"

"எல்லாம் நம்ம லீக் பிள்ளைங்கதான் சார்!" என்றார், பழக்கத்தில்.

"அப்ப ரெஜிஸ்டர் காட்டுங்க."

எழுத்தர் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் மூன்று கட்டுகளையும் கொண்டு வந்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் மைதானத்தைப் பார்ப்பதும் காகிதத்தைப் பார்ப்பதுமாகப் பச்சை மையைச் சத்தமாகவே படித்தார். "'மிகுந்த வேகம், மற்றவர்களுக்கு இடைஞ்சல்.' அந்தக் குட்டைப் பையனா? 'கண்ணாடி அணிந்துள்ளார்.' சரி. 'நிறையக் கேள்வி கேட்கிறாள்.' இது யாரு?"

"நான்தான் சார். ஏன் சார் கேக்குறீங்க?" என்றது ஒரு குரல்.

ஆய்வாளர் ஆறு பேரின் பெயரைத் தேசிய இளையோர் முகாமுக்கு எழுதிக்கொண்டார். ஆறும் அந்தக் கட்டுகளிலிருந்துதான். மெலிந்த ரெஜிஸ்டரை அவர் திறக்கவே இல்லை. போகும்போது இரண்டு நிபந்தனை போட்டார்: கேட் தினமும் திறந்திருக்க வேண்டும், பிள்ளைகளைத் தேர்வு செய்யும்போது செயலாளர் ஊரில் இருக்கக் கூடாது.

செயலாளர் மனம் தளரவில்லை. அன்று மாலையே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இவ்வளவு குறுகிய காலத்தில் ஏழு பேரை உயரத்துக்கு அனுப்பிய லீக் வேறெங்கும் இல்லை என்றும், ஏழு பேரையும் தாமே நேரில் சோதித்ததாகவும் அறிவித்தார். இரண்டுமே உண்மை. ஒரு சொல் கூட மறுக்க முடியாது.

இத்தகைய மனிதருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று பொருளாளர் தீர்மானம் கொண்டு வந்திருக்கிறார். தாராளமாக வைக்கலாம். கேட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அங்கே அவர் இருபத்திரண்டு வருடம் குறுக்கே நின்றாயிற்று.