பாறசாலைக் கூட்டத்தில் நான் வாசித்த ஏச்சு

செங்கல்,
கொல்லம் ஆண்டு 1129 பங்குனி 9.

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற அஞ்சல் குமாஸ்தா பரமசிவன் பணிவுடன் எழுதுவது. தங்கள் சுகத்தையும் தங்கள் அச்சு இயந்திரத்தின் சுகத்தையும் அறிய ஆவல்.

தங்கள் சொல்விளக்கப் பகுதியில், பேசு என்பதிலிருந்து பேச்சு வந்ததுபோல ஏசு என்பதிலிருந்து ‘ஏச்சு’ வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் பொருள் ‘இகழ்ச்சி’ என்று போட்டது சரியில்லை. எங்கள் பக்கத்தில் உரிமைப்பட்டவர்தான் ஏசுவார்கள். வேண்டாதவனைப் பார்த்தும் பாராமல் போவார்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது, ஐயா.

எங்கள் பக்கத்தைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைக் கமிஷனுக்கு மனு கொடுக்க, இங்கே வீட்டுமொழி தமிழே என்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்றார் எங்கள் கமிட்டிச் செயலாளர் சத்தியதாஸ். கோபத்தில் வருவதுதானே தாய்மொழி என்று எனக்குத் தோன்றி, என் மனைவி சரோஜம் என்னை ஏசுவதையெல்லாம் அஞ்சல் ஆபீஸ் பழக்கப்படி தேதி, மணி போட்டு நோட்டில் பதிந்தேன். ஒரே மாதத்தில் எண்பத்தேழு! அதைப் பாறசாலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தேன். “காலை ஏழேகால். ‘மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போன மனுஷன் மனுவோட வந்து நிக்குதிய. மனுவ அவிச்சா திங்கப் போறிய?’” கூட்டம் கைதட்டியதும் எனக்கு உற்சாகம் பொங்கி, மிச்சத்தை அவள் குரலிலேயே வாசித்துவிட்டேன். மறுநாள் சந்தையில் மீன்காரி முதல் எல்லாரும் “மனு வெந்தாச்சா, சரோஜம்?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். வெறுங்கூடையோடு திரும்பியவள் இன்றோடு பதினொரு நாளாக என்னை ஏசவில்லை. சோறு வைக்கிறாள், போகிறாள். வேண்டுமென்றே செருப்போடு அடுக்களைக்குள் நடந்தேன். குனிந்து துடைத்துவிட்டுப் போனாள். சத்தியதாஸிடம் அழாக்குறையாகச் சொன்னால், “அண்ணே, அத்தாட்சி பலமாக்கும்! அடுத்த கூட்டத்துக்கு மைனியையே கூட்டிட்டு வாருங்க” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அவள் தங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவள். ஆகவே, ‘ஏச்சு: உரிமையுள்ளவர் தருவது; அது இல்லாமல் செங்கல் பரமசிவனால் இருக்க முடியவில்லை’ என்று அடுத்த இதழில் திருத்தம் போட்டு என்னைக் காப்பாற்றுங்கள்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாரிடமிருந்து குறைவில்லாமல் ஏச்சு கிடைக்கச் சிவபெருமான் அருளட்டும்.

இங்ஙனம்,
பரமசிவன்

பின்குறிப்பு: திருத்தம் வேண்டாம். உறை ஒட்டப் பசை எடுக்கப் போன நேரத்தில் சரோஜம் இதை வாசித்துவிட்டாள். “நாணமில்லே மனுஷ்யா?” என்று பிடித்தவள் முக்கால் மணி நேரம் விடவில்லை. கமிட்டிக்கு ஒரு வரிகூட உதவக் கூடாதென்று, அத்தனையும் மலையாளத்தில்! சத்தியதாஸுக்குத் தெரிந்தால் எங்கள் மனு போச்சு. தயவுசெய்து இது நம்மோடு இருக்கட்டும். கேட்கக் கேட்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஐயா. கடைசியில், “வந்நு சோறு தின்னு, மனுஷ்யா” என்றாள்.