தோற்கப் போன இடத்தில் ஓரத்துச் சிப்பாய்

மரியாதைக்குரிய மாமா கமலக்கண்ணன் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து மருமகன் சுதாகர் வணங்கி எழுதுவது. நான் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் "சரி சரி"ன்னு வைத்துவிடுகிறீர்கள்; அதனால் என் புகாரை எழுத்தில் அனுப்புகிறேன்.

காவ்யா இறந்ததிலிருந்து, சேலை பார்டர் டிசைனை கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு நான் பாட்டுக்கு வீட்டோடு கிடக்கிறேன். அது பொறுக்காமல், என்னைக் கேட்காமலே வட்டார செஸ் போட்டிக்கு என் பேரைக் கொடுத்தீர்கள். "ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்க மாப்ள, தோத்துட்டா இனிமே உங்கள தொந்தரவே பண்ண மாட்டேன்" என்றீர்கள். அதை நம்பி, தோற்பதற்கென்றே கிளம்பினேன்.

சீக்கிரம் தோற்க ஒரு தொடக்கம் வேண்டுமே? உங்கள் மகள் காவ்யாவுடையது இருந்தது. முதலில் இந்த ஓரத்துச் சிப்பாய், அடுத்து அந்த ஓரத்துச் சிப்பாய். "நடுவுல ஒரே கூட்டம், ஓரமா போனா காத்து வரும்" என்பாள். இதைவிட மட்டமான தொடக்கம் இல்லை என்று கம்ப்யூட்டரில் போட்டே காட்டியிருக்கிறேன். "அப்ப கம்ப்யூட்டரையே கட்டிக்கினு இருக்க வேண்டியதுதான?" என்பாள்.

எதிரே பட்டுச்சேலை வியாபாரி பலராமன். ரெண்டு ஓரமும் நகர்ந்ததும் மிரண்டுபோய், "இன்னா தம்பி, புதுசா கீதே! யூட்டியூப்ல வந்துகினு கீதா?" என்று யோசிக்க ஆரம்பித்தார். அங்கேதான் வினை. மனுசனுக்கு யோசனை வந்தால், ஜரிகை பார்க்கிற மாதிரி, எதிரில் இருப்பதை விரலால் தேய்த்துப் பார்க்கிற பழக்கம். ராணியைத் தேய்த்தார். நடுவர் திலகவதி மேடம் பாய்ந்து வந்து, "தொட்டதை நகர்த்தணுங்க" என்றார்.

"நகர்த்தலம்மா, தரம் பார்த்தேன்!"

"தரத்தை கடையில பாருங்க. இங்க நகர்த்துங்க."

ராணி போன கட்டம் என் குதிரை பாயும் கட்டம். நடுவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் வெட்டாமல் என்ன செய்ய? சரி, பதிலுக்கு என் ராணியைக் கொண்டுபோய் அவர் மந்திரி வெட்டுற கட்டத்துல வெச்சேன் மாமா. ஏதோ பொறி வெச்சிருக்கேன்னு பயந்துபோய், மனுசன் அதை வெட்டாம தன்னோட யானையைத் தேய்க்கிறாரு! திலகவதி மேடம் நகரவே இல்ல, பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தேய்ச்சதையெல்லாம் நகர்த்த வெச்சாங்க.

ஜெயிச்சிட்டேன்.

"எங்க கத்துகினீங்க?" என்று பலராமன் கேட்டார். "வீட்டுலதான்"னேன். ஓரத்துச் சிப்பாய் ரெண்டையும் எடுத்து பழைய இடத்துல வெச்சேன்.

ஆகவே, இனி எந்தப் போட்டிக்கும் என் பேரைக் கொடுக்கக் கூடாது. என்னை என் வீட்டில் விட்டுவிடுங்கள். இதில் மாற்றமில்லை. அத்தைக்கு என் நமஸ்காரம். இருவர் ஆசியும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
சுதாகர்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை தேசூரில் போட்டியாம். பேர் கொடுத்துட்டேன். பலராமன் அண்ணனும் வராரு, கையைக் கட்டிகினு யோசிக்கப் பழகிகினு கீறாராம். காவ்யாவோட செஸ் போர்டு உங்க பீரோவுல இருக்கும், எடுத்துகினு வாங்க. உங்க பேரையும் கொடுத்திருக்கேன். உங்களைக் கேட்கல. ஓரமா ஆடுங்க மாமா, காத்து வரும்.