சோக் இல்லாதவர்கள்

சோக் இல்லாதவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழுதான லிஃப்ட் முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், விமான நிலைய வரிசையில், எங்கே நாலு பேர் செய்வதறியாது நிற்கிறார்களோ அங்கே இவர் ஐந்தாவதாக முளைப்பார்.

இவரைப் புரிந்துகொள்ள ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்தால் போதும். உள்ளே அடைத்த வாயு இயல்பில் பரம சாது. மின்சாரம் வந்து கதவைத் தட்டினால், வீட்டில் ஆள் இல்லை என்பதுபோல் சும்மா கிடக்கும். தட்டுவது உதைப்பதாக மாறும்போதுதான் ஓர் எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் இன்னொன்றை இடித்துக் கிளப்பும். அவை இரண்டும் நாலைக் கிளப்பி, நாலும் எட்டைக் கிளப்பி, குழாய் முழுக்க ஒரே வெளிச்சமாகிவிடும். அதுவரை அழகுதான். ஆனால் கம்பிக்கும் வாயுவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கம்பி சூடேறச் சூடேற முரண்டு பிடிக்கும். வாயுவுக்குப் போதும் என்ற சொல்லே தெரியாது. ஓட ஓட இன்னும் வழிவிட்டு, கடைசியில் தன் குழாயையே பொசுக்கிவிடும். அதனால்தான் டியூப்லைட்டோடு சோக் என்றொரு கனத்த பெட்டியை வைத்தார்கள். வெளிச்சம் தருவது அதன் வேலை அல்ல. அளவோடு போ என்று கையைப் பிடித்து இழுப்பதுதான் வேலை.

நம்மவருக்கு அந்தப் பெட்டியை வைக்க மறந்துவிட்டார்கள்.

அவரைப் பற்றவைக்கக் கேள்விகூட வேண்டாம். ஓர் “ஓ” போதும். என்றோ பல் டாக்டரிடம் காத்திருந்தபோது அரைப்பக்கம் படித்த விஷயம், முக்கால் மணி நேரப் பேருரையாக விரியும். “சிம்பிள் லாஜிக்” என்று தொடங்குவார். “நான் அப்பவே சொன்னேன்” என்று முடிப்பார். எப்போது சொன்னார்? யாரிடம்? கேட்காதீர்கள், அதையும் விளக்குவார். கேட்டதை ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொல்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் ஒரே பெயர்: டியூப்லைட்.

உதாரணத்துக்கு வெளியே அலைய வேண்டாம். என் மச்சானையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் தங்கை, அதாவது என் கொழுந்தியாள், தையல் கடை திறந்தாள். ஒரே மாதிரிக் கதவுகள் வரிசையாக நிற்கும் தெரு. எது கடை, எது வீடு என்று தபால்காரரே தடுமாறுவார். ஆகவே வாசலுக்கு மேலே மாட்ட, கண்ணாடிக் குழாயை வளைத்து ஒரு நீலக் கத்தரிக்கோல் செய்யச் சொன்னாள். திறப்பு நாலு மணிக்கு. சீருடை தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த ஓர் ஓட்டல் மேலாளர் வருவதாக இருந்தார். “நீலக் கத்தரிக்கோல் எரியிற கடைங்க” என்று வழி சொல்லியிருந்தாள்.

குழாய் வளைப்பவர் மூன்று மணிக்கு வந்து மாட்டினார். “குளிரா இருக்கு. உள்ள ஆர்கானும் ஒரு சொட்டு பாதரசமும் இருக்கு. பாதரசம் சூடாகுற வரைக்கும் மங்கலாத்தான் எரியும். அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க” என்று சொல்லி, சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார்.

கத்தரிக்கோல் மங்கலாக, நோயாளியின் உதடு மாதிரி எரிந்தது.

மச்சான் அண்ணாந்து பார்த்தார். “நியான்னா பளிச்சுன்னு எரிய வேணாமா?”

“இது நியான் இல்லண்ணா. நியான் சிவப்பா எரியுமாம். அவர் அரை மணி நேரம்...”

“அவன் ஒரு டியூப்லைட்டு. சிம்பிள் லாஜிக். கரண்ட் பத்தல.”

“அண்ணா, வேணாம். ஓட்டல்காரர் வர்ற நேரம்.”

“அதுக்குத்தானம்மா சொல்றேன்.”

அவர் கார் டிக்கியில், மூடிய சினிமாக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த தடிமனான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பல வருடமாக ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்துக்கிடந்தது. ஏணி வந்தது. குழாய்க்கு அளவாக மாட்டியிருந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இறங்கியது, தடியன் ஏறினான். சுவிட்சைப் போட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அப்படியொரு நீலத்தை அந்தத் தெரு கண்டதில்லை. மச்சான் இடுப்பில் கைவைத்துத் திரும்பி, “நான் அப்பவே” என்றார். “சொன்னேன்” வருவதற்குள் குழாயின் முனை சிவந்து, டிக்கென்று விரிசல் விட்டது. கத்தரிக்கோல் அணைந்தது.

மணி மூன்றே முக்கால்.

நாலு மணிக்கு யாரும் வரவில்லை. ஐந்தரைக்கு ஃபோன் வந்தது. கொழுந்தியாள் ஸ்பீக்கரில் போட்டாள். “ரெண்டு தடவை அந்தத் தெருவுல நடந்தேம்மா. நீலக் கத்தரிக்கோலைக் காணோம். பக்கத்துத் தெருவுலயே ஒரு தையல்காரர் இருந்தார், அவருக்கே குடுத்துட்டேன்.”

மச்சான் தொண்டையைச் செருமினார். “வாயு கலப்படம். இல்லாட்டி...”

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி, தலை நிமிராமல் சொன்னாள். “டியூப்லைட்டு லேட்டாத்தான் எரியும்ணா. ஆனா எரியும்.”

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். “எல்லாக் கம்பியும் சூடானா முரண்டு பிடிக்காதே” என்று இதைப் படிக்கும்போது உதடு துடிக்கவில்லையா? பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கத் தொடங்கிவிடவில்லையா? சரி. அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லா இருக்கும் மச்சான்” என்று சொன்னவன் நான்தான். ஏணிக்கு இரண்டு கால். நான் பிடித்திருந்தது ஒன்றைத்தான். மற்றதைப் பிடித்திருந்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.