நகராத வரைக்கும் பயமில்லை

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நூலகருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. காரை நிறுத்தினோம், இறங்கினோம், கதவைச் சாத்தினோம். ஹேண்ட்பிரேக் போட்டோமா?

உரிமம் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகிறது. கார் அண்ணனுடையது, கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்கு இரவல் வாங்கியது. தெருவோ சறுக்குமரம் மாதிரி இறங்குகிற தெரு.

ஈரத் துணியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள். வெள்ளைக் கார் நின்றுகொண்டுதான் இருந்தது. கறுப்புக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அவள் முகம்தான் தெரிந்தது. அதுவும் பார்க்கிற மாதிரி இல்லை.

சாவி, காலையில் அதை வாங்கி வைத்த கணவனின் சட்டைப்பையிலேயே ஆபீஸ் போயிருந்தது. போன் செய்தாள். அவன் மீட்டிங்கில் இருந்தான் போலிருக்கிறது, அணைத்து வைத்திருந்தான்.

மாடி வீட்டில் டியூஷன் எடுக்கும் இயற்பியல் டீச்சர், விடைத்தாளும் சிவப்புப் பேனாவுமாகப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, காரையே முறைச்சுட்டு நிக்கிற?"

சொன்னாள்.

"இவ்வளவு நேரம் நின்னிருக்குல்ல? அப்ப நிலை உராய்வு புடிச்சு வெச்சிருக்கு. நகராத வரைக்கும் பயமே இல்ல."

"நகர்ந்துட்டா?"

"அந்தப் பிடி விட்டுப் போயிடும். ஓடுற பொருளுக்கு உராய்வு கம்மி. ஒரு தடவை கிளம்புச்சுன்னா நிக்காது."

டீச்சர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

நூலகர் இரண்டு செங்கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்தாள்.

"ரோடு வழவழன்னு கிடக்கு. வண்டி வந்தா கல்லையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டு வரும்," என்றார் டீச்சர்.

பக்கத்தில் கட்டுகிற வீட்டிலிருந்து இரண்டு வாளி மணல் அள்ளிவந்து சக்கரத்தடியில் கொட்டினாள்.

"காஞ்ச மணலா? அது குண்டு குண்டா உருளும்மா. இருந்த பிடியும் போச்சு."

பதறிப்போய்க் குழாயைத் திறந்து மணலைக் கழுவிவிட்டாள். தெருவில் சேறு ஓடியது. டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

துணிக்கொடியை அவிழ்த்தாள். துவைத்த துணியெல்லாம் தரையில் விழுந்தது, விழட்டும். காரின் முன்கொக்கியில் ஒரு முனை, வீட்டு கேட்டில் மறுமுனை. இறுக்கி ஒரு இழு இழுத்ததில் கேட்டின் மேல்கீல் கழன்று, கேட் காரின் மேல் சாய்ந்தது. இப்போது காரைக் கேட் பிடித்திருக்கிறதா, கேட்டைக் கார் பிடித்திருக்கிறதா என்பது அவளுக்கே விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான்.

"வண்டி எப்படிம்மா இருக்கு?"

"நிறுத்துன இடத்துலயே நிக்குதுண்ணா."

உண்மையைச் சொல்லவும் இவ்வளவு நடுங்கவேண்டுமா என்று போனை வைத்துவிட்டு நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் முதுகைக் கொடுத்தாள். காரின் பின்பக்கம் சாய்ந்து, இரண்டு காலையும் ஊன்றினாள். செருப்பு சேற்றில் வழுக்கியது. உதறிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். கார் அசையவில்லை. ஆனால் அசையப்போகிறது என்று முதுகெலும்பு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. இறந்துபோனால் நூலகத்துச் சாவி யாரிடம் போகும் என்றுகூட ஒரு கவலை வந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த மாப்பிள்ளை வெளியே வந்தார். கயிற்றைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கிட்ட வராதீங்க. மூச்சு பட்டாக்கூட கிளம்பிடும்."

அவர் தயங்கியபடியே பையிலிருந்து சாவியை எடுத்து அழுத்தினார். கீச் கீச் என்றது கார். விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டியது.

நூலகர் மெதுவாக நிமிர்ந்தாள்.

"இது... உங்க வண்டியா?"

"ஆமாங்க, ஒரு மணி நேரம் முந்தி நான் வந்தப்ப இந்த இடம் காலியாத்தான் கிடந்துச்சு," என்றார் மாப்பிள்ளை. "கீழ மரக்கடையில, மரத்தூள் குவியலுக்குள்ள பாதி புதைஞ்சு இதே மாதிரி ஒரு வெள்ளை வண்டி நிக்குதே, அதுவா உங்களுது?"