கட்டுச்சோறும் காலிப் போசியும்

என் மாமியாரிடம் நான் ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் அவர் கட்டிக்கொண்டு வந்த சோற்றை மென்றுகொண்டே. பேரப்பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அவர்கள் சிரிக்கிற இடம் வேறு, எனக்கு உறுத்துகிற இடம் வேறு.

மைசூரில் மகாராஜா ஆண்ட காலம். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பி.ஏ. தேறியவன் (கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொள்கிற வயது). மனைவி நாச்சம்மாளின் ஊர் கௌதள்ளி. அங்கிருந்து கொள்ளேகாலம் வரை மாட்டுவண்டி, பிறகு மைசூருக்குப் பஸ். எங்களவர் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். நிறைமாதம் நெருங்கும்போது பெண்ணின் தாயார் கட்டுச்சோறு கொண்டு வருவார். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் அதைச் சாப்பிட்டதும் பெண்ணைக் கூட்டிப் போவார். சோறு வந்தால் பெண் போகவேண்டும்; அதற்குமேல் பேச்சில்லை.

எனக்கோ வேறு திட்டம். மைசூரில் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது, பெண் டாக்டர் இருந்தார். கௌதள்ளியில் என்ன இருக்கிறது என்று நாச்சம்மாளிடம் கேட்டேன். (அவளுடைய அம்மா இருந்தார். அது என் கணக்கில் வரவில்லை.) மதார் சாயபுவின் ஜட்காவை முன்கூட்டியே பேசி வைத்தேன். துணிப்பை, வெந்நீர்ப் பிளாஸ்க், சுருட்டிய மெத்தை எல்லாம் வாசல் ஓரத்தில் தயாராக நின்றன. ஞாயிறுதோறும் நஜர்பாத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒத்திகை. நாச்சம்மாளைக் குலுக்கக்கூடாதே, அதனால் அவள் இடத்தில் மெத்தை உட்கார்ந்து வரும். பக்கத்தில் நான், கையில் கடிகாரத்துடன். பள்ளிக்கூடம் முழுக்க இந்தப் பெருமையை அளந்திருந்தேன். இனி அவளைக் கௌதள்ளிக்கு அனுப்பினால் என் முகத்தை எங்கே வைப்பது?

மாமியார் வந்தார். பித்தளைத் தூக்குப்போசியில் புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. நான் மூன்றையும் ஒரு கை பார்த்தேன். இரண்டாம் முறை எள்ளுச்சோறு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "வண்டியில போகவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க அத்தை."

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அது நாச்சம்மாளுக்கும் தெரியும், அவளும்தானே டாக்டரிடம் கூட வந்திருந்தாள். மாமியார் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். பிறகு மாமியார், "அப்ப நாங் கெளம்பறனுங்க மாப்ள. புள்ளையப் பாத்துக்கோங்க," என்று போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

வலி வந்தது ஒரு காலையில், நான் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில். சாயபுவுக்கு ஆள் அனுப்பினேன், ஜட்கா வாசலுக்கு வந்து நின்றது. "மூஞ்சி கழுவிட்டு வர்றனுங்க," என்று நாச்சம்மாள் சுவரைப் பிடித்தபடி கொல்லைப்பக்கம் போனாள். நான் ஜட்காவில் பையை வைத்தேன், பிளாஸ்க்கை வைத்தேன், மெத்தையை ஏற்றினேன், ஏறி உட்கார்ந்து கடிகாரத்தைத் திறந்தேன். சாயபு பாரத்தை உணர்ந்து குதிரையைத் தட்டினார். மார்க்கெட் மணிக்கூண்டைத் தாண்டும்போது ஒத்திகைகளைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "பேஷண்ட் எல்லி சுவாமி?" என்றாள் கன்னடத்தில், பேஷண்ட் எங்கே என்று.

நான் பக்கத்தில் திரும்பினேன். மெத்தை இருந்தது.

"என்னய்யா, அம்மா ஏறலைன்னு சொல்லக் கூடாதா?" என்று சாயபுவின் மேல் பாய்ந்தேன்.

"எப்பவும் மெத்தைதானே சாமி வரும்," என்றார் அவர்.

திரும்பும் வழியில் குதிரையைவிட நான்தான் அதிகம் நுரை தள்ளியிருப்பேன். வீட்டுக்குள் நுழையும்போதே அழுகுரல் கேட்டது. அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு கௌரம்மா, "ஹெண்ணு மகு," என்று பெண் குழந்தையைத் துணியில் சுற்றிக் காட்டினார். இருவரும் நலம். அது அந்த அம்மாளின் கைராசி, என் திட்டம் அல்ல.

நாச்சம்மாள் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "எங்கம்மா இருந்திருந்தா என்னைய உட்டுப்போட்டு வண்டி ஏறியிருக்க மாட்டாங்க." வலியில் அவள் அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்று கௌரம்மா பிறகு சொன்னார்.

குழந்தைக்குத் தலை நின்றதும் நானே அடுப்படியில் இறங்கினேன். புளிச்சோறு கிண்டினேன் (கிண்டியது சோறாக நிற்கவில்லை), ஒரு போசியில் கட்டிக்கொண்டு, மனைவி குழந்தையோடு கௌதள்ளி போய் மாமியார் முன்னால் வைத்தேன். டாக்டர் அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன்.

"தெரியுமுங்க," என்றார். இலை போட்டு உட்கார்ந்து, அந்தக் களியைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். போசியைக் கழுவி என் கையில் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் புறப்படலாம் என்று நான் நாச்சம்மாளைக் கூப்பிட்டேன்.

"அவ வர மாட்டாளுங்க மாப்ள. வண்டியில போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

"கௌதள்ளியில ஏது அத்தை டாக்டரம்மா?"

"உங்ககிட்டச் சொன்னாங்கல்லீங்க, அதே டாக்டரம்மாதான்."

பிள்ளை பிறந்த பிறகு நாச்சம்மாள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். காலிப் போசியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக மைசூர் திரும்பினேன். தோன்றும்போது வருகிறேன் என்றாள் நாச்சம்மாள்; மாம்பழக் காலமெல்லாம் முடிந்து, தோன்றியபோதுதான் வந்தாள்.

இன்றும் எங்கள் வீட்டில், பிறந்தகம் வந்த பெண்ணுக்குக் கிளம்ப மனமில்லையென்றால், டாக்டரம்மா சொல்லிவிட்டார் என்பார்கள். அதற்குமேல் யாரும் காரணம் கேட்பதில்லை. அன்று பிறந்த மகள் தலைப்பிள்ளை உண்டானபோது, நாச்சம்மாளோடு நானும் கட்டுச்சோறு தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை நல்லவர். இருந்தாலும் எள்ளுச்சோற்றை அவர் மென்று விழுங்கி முடிக்கும்வரை, என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.