பூனை முகத்துச் சேக்மெத்

தீப்ஸ் நகரம்,
வெள்ளம் வடிந்த இரண்டாம் மாதம்

மெம்பிஸ் நகரத்துக் களஞ்சிய எழுத்தர், மதிப்பிற்குரிய மச்சான் உசெர்ஹத் அவர்களின் பாதங்களில் தங்கள் தங்கை மெரித்தின் கணவனும் கல்தச்சனுமாகிய நக்தி விழுந்து எழுதுவது. ஆமோன் அருளால் தங்களுக்கு ஆயுளும் நல்ல ரொட்டியும் குறைவின்றி இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் கொஞ்சம் அவமானத்தில் இருக்கிறேன்.

தங்கள் சிபாரிசில் கோயில் சிற்பக்கூடத்தில் சேர்ந்த எனக்கு, சிங்க முகம் கொண்ட சேக்மெத் தேவி சிலைகளின் பாதம் தேய்க்கும் வேலைதான் கொடுத்திருந்தார்கள், அதோடு நான் இருந்திருக்கலாம், ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் மேஸ்திரி பென்ரே வந்து, "மொகம் செதுக்குறவனுக்குக் காய்ச்சல். உங்கள்ல சிங்கத்த நேர்ல பாத்தவன் எவன்டா?" என்று கேட்டபோது என் கை என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டது. எத்தனை பார்த்தாய் என்றார். மூன்று என்றேன். நான் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டுப் பூனைதான், அதுவும் எலி ஓடினால் கண்ணை மூடிக்கொள்ளும் பூனை. அதையே மனதில் வைத்து நாற்பது நாள் அந்தக் கறுப்புக் கல்லை இடித்தேன், தேய்த்தேன். மனித குலத்தையே அழிக்கப் புறப்பட்ட தேவிக்கு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பாய் தேடும் முகம் வந்தது. கோபம் வரட்டும் என்று புருவத்தை ஆழப்படுத்தினேன், கவலை வந்தது. கவலையைப் போக்க வாயோரத்தைத் தொட்டேன், சிரித்துவிட்டாள்.

பக்கத்தில் வேலை செய்யும் ஹூயி என்னை விடவில்லை. "நக்தி, உன் தேவிக்கு ஒரு தலகாணியும் செஞ்சு குடுத்துரு, பாவம், எவ்ளோ நேரம் உக்காந்தே இருப்பா." பென்ரே சிரிக்கவில்லை. "நாளைக்குப் பெரிய பூசாரி வர்றாரு. அவரு வேணாம்னுட்டா உன்னைத் தெக்கே மலையில கல்லுடைக்க அனுப்பிருவேன். உன் மச்சானுக்காகக்கூடப் பாக்க மாட்டேன்" என்றார்.

பூசாரி வந்தார். சிலையைச் சுற்றினார், முகத்துக்கு நேரே நின்றார்.

"இது யாருப்பா செஞ்சது?"

"நான்தாங்க."

"ரத்தம்னு நெனச்சு செவப்பு பீரைக் குடிச்சு, தேவி கோவம் தணிஞ்சு தூங்கப் போனாளே, நாமெல்லாம் பொழச்ச நேரம், அந்த மொகம் இது. இத்தன வருஷமா எல்லாரும் கோவத்தயே செதுக்குறாங்க. உனக்கு எப்படித் தோணுச்சு?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பல நாள் விரதமிருந்து யோசிச்சேங்க" என்றேன். பென்ரேவுக்கு இருமல் வந்தது. சிலை இப்போது கோயில் வாசலிலேயே இருக்கிறது. எனக்கு நிரந்தரமாக முக வேலை. ஹூயி என்னை அண்ணே என்கிறான், தேவியின் மனசைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறான், நானும் வெட்கமில்லாமல் விளக்கம் சொல்கிறேன்.

உண்மை தங்களுக்கும் எனக்கும் பூனைக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். தேவி அனுப்பும் எந்த நோயும் தங்கள் வீட்டு வாசலைக் கவனிக்காமல் கடந்து போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சிபாரிசுக்குத் தகுதியில்லாத
நக்தி

பி.கு.: எழுதியதை மெரித்துக்கு வாசித்துக் காட்டினேன். அவளும் நேற்று சிலையைப் பார்த்திருக்கிறாள். "பாவம், வாயில்லாத ஜீவனை ஏன் இழுக்குறீங்க? அது நம்ம பூனை மொகமே இல்ல. போன திருவிழாவுல பீர் குடிச்சுட்டு வாசல்ல சாஞ்சு கெடந்தீங்களே, அச்சு அசல் அந்த மொகம்" என்கிறாள். தண்ணீர்ப் பானையில் எட்டிப் பார்த்தேன். மச்சான், மேலே பூனை என்று வரும் இடத்திலெல்லாம் தயவுசெய்து நான் என்று திருத்தி வாசிக்கவும்.