பின் வாங்கியவர்

சாவதற்குள் தன் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் ஏறியே தீர வேண்டும் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்துவிட்டார். மின்கட்டண ரசீது தவிர வேறெங்கும் அச்சேறாத பெயர் அது. மச்சான் பெயரோ குடியிருப்போர் சங்கச் சுவரில் 'செயலாளர்' என்று பெயிண்டில் மின்னுகிறது. வயிறு எரியாதா?

வீட்டு வேலைகளை நினைவூட்டும் ஒரு இலவசச் செயலி வழி காட்டியது. அதை எழுதியவர்கள் உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், தமிழாக்கலாம். ஏற்றுக்கொண்டால் நன்றிப் பட்டியலில் பெயர் வரும். தமிழ்ப் பக்கத்தில் ஏற்பதும் தள்ளுவதும் ஒருவர் கையில் இருந்தது. இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'கறார்'.

அந்தச் செயலியை வீட்டுக்குள் கொண்டுவந்ததே மனைவிதான். அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஓட்டலில் மெனு கார்டைக் கொடுத்தாலும் பேனாவைத் தேடுகிற ரகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் என்ன செய்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒழுகும் குழாய், பரண், ஆடும் நாற்காலி என்று எட்டு வேலைகளை அவர் பெயருக்குச் செயலியில் போட்டு வைத்திருந்தாள். ஆறு மாதமாக எட்டும் எட்டாகவே இருந்தன.

கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் அவர் பன்னிரண்டு பொத்தான்களுக்குத் தமிழ் எழுதினார். வேலையிலிருந்து நழுவுவதற்கான பொத்தானுக்குத் தனி அக்கறை. 'பின் வாங்கு' என்று எழுதி அனுப்பினார்.

மறுநாளே பதில் வந்தது. "அன்பரே, நடுவில் இடைவெளி விட்டுவிட்டீர்கள். இது விலகச் சொல்லவில்லை, கடைக்குப் போய்ப் பின் வாங்கச் சொல்கிறது."

பொங்கிவிட்டார். மனைவியிடம் வந்து கொட்டினார். "யாரோ வேலைவெட்டி இல்லாத கெழம். வீட்ல செல்லாத அதிகாரத்த எங்கிட்ட காட்டுது."

"விடுங்க, அவங்க கஷ்டம் அவங்களுக்கு. ஆமா, கடைப்பக்கம் போனா ஒரு டஜன் பின் வாங்கிட்டு வாங்க."

வேறு யாராக இருந்தாலும் பொறி தட்டியிருக்கும். நம்மவர் டஜன் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்கிவந்தார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிறவர்தான், என்ன செய்வது.

இடைவெளியை நீக்கி அனுப்பியதும் கறார் அடுத்த நிபந்தனை போட்டார். ஒவ்வொரு பொத்தானையும் நிஜமான வேலையில் சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததற்குப் படம் வேண்டும். சும்மா அழுத்திக் காட்டுவது செல்லாது.

நன்றிப் பட்டியல் கண்ணில் ஆடியது. ஞாயிற்றுக்கிழமை குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிப் படம் அனுப்பினார். இன்னும் சொட்டுகிறது என்று திரும்பி வந்தது. மறுபடி மாற்றினார். பரணைச் சுத்தம் செய்து அனுப்பினார். இடது மூலையில் ஒட்டடை என்றார் கறார். படத்தில் இடது மூலையே இல்லையே என்பது நம்மவருக்கு உறைக்கவில்லை, திட்டிக்கொண்டே மறுபடி ஏறினார்.

மூன்றாவது ஞாயிறு எட்டும் முடிந்தன. இடுப்பும் முடிந்தது. மனைவி தானாகவே தைலத்தை எடுத்து வந்து உட்கார்ந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயாவது மனுஷியா இருக்கியே. அந்தக் கறாரைக் கட்டிக்கிட்டவங்க நெலமைய நெனச்சுப் பாரு."

"நெனச்சுப் பாத்தேன். பாவமாத்தான் இருக்கு," என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்தாள்.

மறுநாள் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. பட்டியலைத் தான் பார்ப்பதற்கு முன் மச்சான் பார்த்தாக வேண்டும். போன் போட்டு, மனைவி காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, நன்றிப் பட்டியலைத் திறந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார். மனைவி முந்தானையில் புதுப் பின் ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"தேடிட்டேன் மாமா," என்றான் மச்சான். "'தமிழாக்கம், சோதனை: கறாரின் வீட்டுக்காரர்'னு ஒருத்தர்தான் இருக்காரு. உங்க பேரு எங்க?"